அம்மை போயிற்று, அம்மன் போகவில்லை

இன்று 50 வயதுக்குக் கீழே இருக்கும் தமிழர் எவரும் பெரியம்மையைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். அவர்களுடைய பாட்டிமாருக்கோ அதை நோய் என்று சொல்லவே நா எழாது. ‘அம்மா வந்திருக்கிறாள்’ என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அடுப்படியில் தாளிப்பு நின்றுவிடும். வெளியாள் உள்ளே வரமாட்டார், வீட்டாள் அடுத்த வீட்டுக்குப் போகமாட்டார். உடம்பில் எழும்பிய கொப்புளத்துக்கு முத்து என்று பெயர். முத்து இறங்கி, மஞ்சளும் வேப்பிலையும் கலந்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றி, கோவிலுக்குப் போய்க் கும்பிட்டு வந்த பிறகுதான் அந்த வீடு பழையபடி நடமாடும்.

1796-இல் இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் பசு அம்மையைக் கொண்டு தடுப்பு முறை கண்டார். 1802-இல் அது பம்பாய்க்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகும் 170 ஆண்டுகளுக்கு மேல் பெரியம்மை இந்தியாவில் உயிர் குடித்தது. 1974-இல்கூட பீகாரில் பல்லாயிரம் பேரைத் தாக்கியது. 1975 மே மாதத்தில் நாட்டின் கடைசி நோயாளி பதிவானார். 1980 மே மாதத்தில் உலகிலிருந்தே பெரியம்மை ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

கணக்குப்படி மாரியம்மனுக்கு வேலை போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆடி மாதத்தில் சென்னைத் தெருக்களில் கூழ் ஊற்றுவது நிற்கவில்லை. சமயபுரத்தில் பக்தர்களுக்காக அம்மனே 28 நாள் இருக்கும் பச்சைப் பட்டினி விரதத்துக்கும் பூச்சொரிதலுக்கும் கூட்டம் அலைமோதுகிறது. அந்தக் கூட்டத்தில் இருப்பவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி அட்டை பார்த்துத் தவறாமல் ஊசி போட்டவர்கள்தான். இப்போது அவர்கள் அம்மன் முன் வைக்கும் வேண்டுதல்கள் வேறு: பெண்ணின் கல்யாணம், பையனின் வேலை, தீராத கடன், குடியை விடாத கணவன்.

அறிவியல் காலத்தில் மதம் தேவையா என்ற கேள்விக்குப் பட்டிமன்றங்களில் இரண்டே அணிகள் இருக்கும். ஒன்று தேவை என்னும், மற்றது தேவையில்லை என்னும். மாரியம்மன் வரலாற்றை வைத்துப் பார்த்தால் இரண்டும் பாதி உண்மையைத்தான் பேசுகின்றன. மதம் ஒரே ஒரு வேலையைச் செய்யும் நிறுவனம் அல்ல. உலகை விளக்குவது, ஆபத்திலிருந்து காப்பது, நீதி வகுப்பது, மனிதரைக் கூட்டி வைப்பது, துயரத்தில் தாங்குவது எனப் பல வேலைகளை ஒரே கூரையின் கீழ் அது செய்து வந்தது. இவற்றில் எது கைமாறியது, எது இன்னும் அதனிடமே இருக்கிறது என்று தனித்தனியே பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வழி.

பலிக்காத ஆரூடம்

மதம் தானாக உதிர்ந்துவிடும் என்று முறையாக வாதிட்டவர்களில் முன்னோடி பிரெஞ்சுத் தத்துவவாதி அகஸ்ட் கோம்ட். 1830 முதல் 1842 வரை அவர் வெளியிட்ட நூல்வரிசையில், மனித அறிவு மூன்று கட்டங்களைக் கடப்பதாகச் சொன்னார்: எல்லாவற்றையும் தெய்வங்களால் விளக்கும் கட்டம், அருவக் கருத்துகளால் விளக்கும் கட்டம், கடைசியாக அறிவியல் கட்டம். வேடிக்கை என்னவென்றால், அதே கோம்ட் பிற்காலத்தில் மனிதகுலத்தையே வழிபடும் ஒரு புதிய மதத்தை, நாட்காட்டியும் சடங்குகளும் சகிதமாக, நிறுவினார். பிரேசிலில் அதற்குக் கோவில்கூட எழும்பியது. மதத்துக்கு முடிவு குறித்தவரே வேறொரு மதத்தைத் தொடங்க வேண்டியிருந்தது.

20-ஆம் நூற்றாண்டின் சமூகவியலாளர்களில் பலர் கோம்டின் ஆரூடத்தையே வேறு சொற்களில் சொன்னார்கள். அவர்களில் ஒருவரான பீட்டர் பெர்கர், 21-ஆம் நூற்றாண்டில் மத நம்பிக்கையாளர்கள் சிறு சிறு குழுக்களாகச் சுருங்கிவிடுவார்கள் என்று 1968-இல் கணித்தார். 1999-இல் அவரே தொகுத்த நூலொன்றில், தம் கணிப்பு பொய்த்தது என்றும் உலகம் முன்போலவே மதம் சார்ந்துதான் இருக்கிறது என்றும் எழுதினார்.

எண்ணிக்கை என்ன சொல்கிறது? பியூ ஆய்வு மையத்தின் மதிப்பீட்டின்படி 2020-இல் உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் தங்களை ஏதோ ஒரு மதத்தோடு அடையாளப்படுத்துகிறார்கள். எந்த மதமும் இல்லாதவர்கள் நான்கில் ஒரு பங்கு. இவர்களில் பெரும்பகுதி சீனாவில் இருக்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011 கணக்கெடுப்பில் 59.3 விழுக்காடாக இருந்த கிறிஸ்தவர்கள் 2021-இல் 46.2 ஆனார்கள், மதமில்லை என்றவர்கள் 37.2 விழுக்காடு. இந்தியாவில் படம் வேறு. பியூ மையம் 2019, 2020 ஆண்டுகளில் ஏறத்தாழ 30,000 இந்தியரிடம் நடத்திய நேர்காணலில் 97 விழுக்காட்டினர் கடவுளை நம்புவதாகச் சொன்னார்கள். ஆனாலும் மதம் தம் வாழ்வில் மிக முக்கியம் என்றவர்கள் மத்திய இந்தியாவில் 92 விழுக்காடு, தென்னிந்தியாவில் 69.

ஓரிடத்தில் குறைந்து இன்னோரிடத்தில் குறையாமல் இருப்பதற்கு அறிவியல் கல்வி மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. ராக்கெட்டும் நோபல் பரிசும் குவித்த அமெரிக்காவில் மதப்பிடிப்பு ஐரோப்பாவைவிட நெடுங்காலம் வலுவாக நின்றது. பிப்பா நாரிஸ், ரொனால்டு இங்கிள்ஹார்ட் என்ற இரு அறிஞர்கள் 2004-இல் வேறொரு காரணத்தை முன்வைத்தார்கள். நாளைக்குச் சோறு உண்டா, நோய் வந்தால் யார் பார்ப்பார்கள், முதுமையில் யார் துணை என்ற அச்சம் எங்கே குறைகிறதோ அங்கேதான் மதப்பிடிப்பு தளர்கிறது என்பது அவர்கள் வாதம். மருத்துவமனையும் ஓய்வூதியமும் வேலையிழந்தோர் உதவித்தொகையும் அரசின் பொறுப்பான ஸ்காண்டிநேவிய நாடுகளுக்கு இது பொருந்துகிறது. மருத்துவச் செலவு ஒருவரைத் திவாலாக்கக்கூடிய அமெரிக்கா ஏன் ஐரோப்பாவிலிருந்து விலகி நின்றது என்பதற்கும் ஓரளவு விளக்கம் கிடைக்கிறது. சமயபுரத்து வேண்டுதல் பட்டியலை இன்னொரு முறை படித்தால் அந்த அச்சத்தின் முகவரி நமக்கும் தெரியும்.

போர் என்ற கதை

அறிவியலும் மதமும் தொடக்கம் முதல் தீராப் பகையாளிகள் என்ற சித்திரம் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில் தீட்டப்பட்டது. 1874-இல் ஜான் வில்லியம் டிரேப்பரும் 1896-இல் ஆண்ட்ரூ டிக்சன் ஒயிட்டும் எழுதிய நூல்கள் அதைப் பரப்பின. பின்வந்த அறிவியல் வரலாற்றாசிரியர்கள் அதைப் பெரிதும் திருத்திவிட்டார்கள். சூரியமையக் கொள்கையை 1543-இல் அச்சேற்றிய கோப்பர்நிக்கஸ் திருச்சபையில் பதவி வகித்தவர். மரபியலுக்கு அடித்தளமிட்ட கிரிகோர் மெண்டல் மடத்துத் துறவி. பெருவெடிப்புக் கொள்கையின் மூலவரான ஜார்ஜ் லெமேத்ர் கத்தோலிக்கப் பாதிரியார். 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கொள்கையைப் படைப்புக்குச் சான்றாகக் காட்டிப் பேசியபோது அதை விரும்பாதவர் லெமேத்ரே. தம் கணக்கையும் தம் நம்பிக்கையையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட அவர் மறுத்தார்.

நம் பக்கத்துச் சான்று தும்பாவில் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு செல்லும் திருவனந்தபுரம் கடற்கரையில் ராக்கெட் தளம் அமைக்க விக்ரம் சாராபாய் இடம் தேடியபோது, அங்கே மீனவர்களின் மகதலேனா மரியாள் ஆலயம் இருந்தது. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா ஞாயிறு வழிபாட்டில் மக்களிடமே அதைக் கேட்டார், அவர்கள் இசைந்தார்கள். மக்கள் வேறிடம் பெயர்ந்தார்கள். ஆலயம் அலுவலகமாயிற்று, ஆயர் இல்லம் பணிமனையாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது.

இப்படிச் சொல்வதால் மோதலே இல்லை என்றாகாது. 1633-இல் கலிலியோவைக் குற்றவாளி ஆக்கியது திருச்சபை நீதிமன்றம்தான். வாத்திகன் தன் பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 1992 வரை ஆயிற்று. அமெரிக்காவில் பரிணாமத்தைப் பள்ளியில் சொல்லித்தந்த ஆசிரியர் மீது 1925-இல் வழக்கு நடந்தது. 80 ஆண்டு கழித்து, 2005-இல், பென்சில்வேனியாவின் டோவர் நகரில் அதே தகராறு வேறு வேடத்தில் மறுபடி நீதிமன்றம் ஏறியது.

இந்தியாவில் கலிலியோவுக்கு நேர்ந்ததுபோல் வழக்கு நடக்கவில்லை. ஆனால் நெருடல் இருந்தது. 499-இல் நூல் செய்த ஆரியபட்டர், கிரகணம் நிழலால் நேர்வது என்று கணக்கோடு சொன்னார். 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரம்மகுப்தர் கிரகணத்தைத் துல்லியமாகக் கணிக்கத் தெரிந்தவர், ஆனாலும் ராகு விழுங்கும் மரபை மறுப்பவர்களைச் சாடினார். இவ்வளவு தெரிந்தவர் ஏன் இப்படி எழுதினார் என்று 11-ஆம் நூற்றாண்டில் அல்பெரூனி வியந்தார். அறிவுக்கும் ஊர் ஒப்புதலுக்கும் இடையே மாட்டிக்கொண்ட அறிஞரின் நிலை அது. இன்றும் கிரகணத்தன்று வானியல் பாடம் நடத்திவிட்டு வீட்டில் சமைக்காமல் இருப்பவர்கள் அந்த மரபின் வாரிசுகள்.

விளக்கமும் காப்பும்

வேலைகளைப் பிரித்துப் பார்ப்போம். இயற்கையை விளக்கும் வேலை மதத்தின் கையை விட்டுப் போய்விட்டது. மின்னல், நோய், கிரகணம், உயிர்களின் தோற்றம் எதற்கும் இன்று மத நூலைப் புரட்டி விடை தேட வேண்டியதில்லை. தேடினால் தீங்கும் நேர்கிறது.

இதற்கு மிகக் கூர்மையான இந்திய எடுத்துக்காட்டு 1934-இல் நடந்தது. அவ்வாண்டு ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம். அரிசன யாத்திரையாகத் தமிழகத்தில் இருந்த காந்தி, சில நாள் கழித்துத் திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்ற பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனை அது என்றார். தீண்டாமையை ஒழிப்பதில் காந்தியோடு முழு உடன்பாடு கொண்ட தாகூர் இதைப் பொறுக்கவில்லை. இயற்கை நிகழ்வுக்கு ஒழுக்கக் காரணம் கற்பிப்பது பகுத்தறிவுக்குப் புறம்பு என்றும், இதே முறையில் எதிர்த்தரப்பும் நிலநடுக்கத்தைத் தனக்குச் சாதகமாக விளக்கிக்கொள்ள முடியுமே என்றும் எழுதினார். காந்தி அந்த மறுப்பைத் தம் ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியிட்டு, தம் நிலையிலிருந்து இறங்காமல் பதில் சொன்னார். தாகூரின் வாதம் இன்றளவும் உடையவில்லை. நல்ல நோக்கத்துக்காகச் சொன்னாலும் தவறான விளக்கம் தவறான விளக்கமே. நிலநடுக்கத்தில் இறந்தவர்களில் தீண்டாமைக்கு ஆளானவர்களும் இருந்தார்கள் என்பதை அந்த விளக்கத்தால் எப்படிச் செரிக்க முடியும்?

காக்கும் வேலையில் நிலைமை சற்றுச் சிக்கலானது. பிரார்த்தனை நோயைத் தீர்க்குமா என்பதைச் சோதனைக்கே உட்படுத்தியிருக்கிறார்கள். 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இதய பைபாஸ் சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். பிறர் தமக்காகப் பிரார்த்தித்தும் அது உறுதியாகத் தெரியாதவர்களில் 52 விழுக்காட்டினருக்கும், பிரார்த்தனை பெறாதவர்களில் 51 விழுக்காட்டினருக்கும் பின்விளைவுச் சிக்கல் வந்தது. வேறுபாடு இல்லை. தமக்காகப் பிரார்த்தனை நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கோ 59 விழுக்காடு! ‘ஊரே வேண்டிக்கொள்கிற அளவுக்கா என் நிலை மோசம்?’ என்ற பதற்றம் காரணமாக இருக்கலாம் என்று கருதினார்கள்.

இதன் எதிரே இன்னொரு ஆய்வை வைக்க வேண்டும். அமெரிக்கச் செவிலியர் ஏறத்தாழ 74,500 பேரை 16 ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு 2016-இல் வெளியானது. வாரத்தில் ஒரு முறைக்கு மேல் வழிபாட்டுக்குப் போன பெண்களுக்கு, போகவே போகாதவர்களைவிட அந்தக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு 33 விழுக்காடு குறைவாக இருந்தது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வுதான், காரணத்தை முற்றாக நிறுவுவது ஆகாது. உடல்நலம் உள்ளவர்களால்தான் போகவும் முடியும் என்ற ஐயத்தை ஆய்வாளர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். மனச்சோர்வு குறைவு, புகைப்பழக்கம் குறைவு, கைகொடுக்க நாலு பேர் இருப்பது ஆகியவை இந்த வேறுபாட்டில் ஒரு பகுதியை விளக்கின. இரண்டு ஆய்வையும் சேர்த்துப் படித்தால் தெரிவது இது: முகம் தெரியாதவர் தொலைவிலிருந்து செய்த வேண்டுதல் இருதயத்துக்கு உதவவில்லை, வாரந்தோறும் சேர்ந்து உட்காரும் கூட்டம் உதவியதாகத் தெரிகிறது. மதத்தின் பலம் அதன் கோட்பாட்டில் இருப்பதைவிட அதன் கூட்டத்தில் இருக்கிறது.

நீதி யாருடைய சொத்து?

கடவுள் பயம் போனால் ஒழுக்கம் போய்விடும் என்பது மதத்துக்கு ஆதரவான வாதங்களில் மிகப் பழையது. டென்மார்க்கும் ஸ்வீடனும் இதற்கு நடமாடும் மறுப்பு. கடவுளைத் தீவிரமாக நம்புவோர் குறைவான இந்த நாடுகளில் கொலையும் ஊழலும் உலகிலேயே குறைவான வரிசையில் உள்ளன. சமூகவியலாளர் பில் சக்கர்மன் அங்கே தங்கி மக்களிடம் பேசி 2008-இல் இதை நூலாக எழுதினார். அதே டென்மார்க்கில் பெரும்பாலோர் தேசியத் திருச்சபைக்கு வரி செலுத்தும் உறுப்பினர்களாகவும் இருக்கிறார்கள். நம்பிக்கை வடிந்த பிறகும் திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் அந்தக் கட்டடம் வேண்டியிருக்கிறது.

நம் நாட்டு வரலாறும் மத நீதியின் போதாமையைச் சொல்கிறது. சதி தடுக்கப்பட்டது 1829-இல், கைம்பெண் மறுமணத்துக்குச் சட்டம் வந்தது 1856-இல். வைக்கத்தில் கோவிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே 1924-இல் போராட வேண்டியிருந்தது. மதுரை மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைய 1939 வரை ஆயிற்று. தேவதாசி முறையை ஒழிக்க 1947-இல் சென்னை மாகாணம் சட்டம் செய்தது. ஒவ்வொன்றிலும் சாத்திரத்தைக் காட்டி எதிர்த்தவர்கள் உண்டு. மதத்துக்குள்ளிருந்தே ஆதரித்த சான்றோரும் உண்டு. முடிவைத் தந்ததோ போராட்டமும் சட்டமும் மக்களின் மனச்சான்றும்.

ஆனால் இந்த வேலையை அறிவியல் ஏற்றுக்கொண்டது என்று சொல்வதும் தவறு. எது இருக்கிறது என்று அறிவியல் காட்டும். எது இருக்க வேண்டும் என்பது வேறு கேள்வி என்பதை 18-ஆம் நூற்றாண்டிலேயே டேவிட் ஹியூம் சுட்டிவிட்டார். அமெரிக்காவின் டஸ்கிகீ நகரில் கருப்பின ஆண்கள் நூற்றுக்கணக்கானோரின் சிஃபிலிஸ் நோயை, மருந்து கிடைத்த பிறகும் தராமல், 1932 முதல் 1972 வரை வெறுமனே கவனித்துக்கொண்டிருந்தது அரசின் மருத்துவத் துறை. அணுகுண்டும் அறிவியலின் வெற்றிதான். நீதி வகுக்கும் வேலை மதத்திடமிருந்து போனது சோதனைச்சாலைக்கு அல்ல. அரசமைப்புச் சட்டத்துக்கும் மனித உரிமைக்கும் பொது விவாதத்துக்கும். இந்திய அரசமைப்பில் 1976-இல் சேர்க்கப்பட்ட 51-ஏ பிரிவு, அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் ஒரே வரியில் குடிமகனின் கடமையாக வைத்தது. ஒன்று இல்லாமல் மற்றது போதாது.

கூட இருக்கும் வேலை

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. பங்காளி வீட்டிலிருந்தும் பக்கத்து வீட்டிலிருந்தும் சோறு வரும். ஒப்பாரி, பால் தெளிப்பு, பதினாறாம் நாள் காரியம், ஆண்டுத் திவசம் என்று துக்கத்துக்கு ஒரு கால அட்டவணை உண்டு. முஸ்லிம் வீட்டில் ஜனாஸாத் தொழுகையும் கிறிஸ்தவ வீட்டில் மூப்பர்களும் பாடகர் குழுவும் இதே வேலையைச் செய்கின்றன. இறப்புக்கான காரணத்தை மருத்துவர் எழுதித் தருவார். அதன் பிறகு அந்த வீட்டில் யார் உட்காருவது என்பது மருத்துவத்தின் கேள்வி இல்லை.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1912-இல் வெளியிட்ட ஆய்வின் மையக் கருத்தே இதுதான்: மதத்தின் சாரம் தெய்வம் பற்றிய கருத்தில் இல்லை, மனிதரை ஒரு சமூகமாகக் கட்டுவதில் இருக்கிறது. மானிடவியலாளர் ரிச்சர்டு சோசிஸ் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் தோன்றிய கூட்டு வாழ்க்கைக் குடியிருப்புகளை ஒப்பிட்டபோது, மதச்சார்பற்றவை சீக்கிரம் கலைந்தன, மதச்சார்புள்ளவை நெடுநாள் நீடித்தன. உறுப்பினர்களிடம் கடுமையான நோன்புகளைக் கேட்ட மதக் குடியிருப்புகள் இன்னும் அதிக நாள் நீடித்தன.

மதத்தை அரசு பலத்தால் ஒழிக்க முயன்ற இடங்களில் இந்த வெற்றிடம்தான் பழிவாங்கியது. 1931-இல் மாஸ்கோவின் மீட்பர் கிறிஸ்து பேராலயத்தை ஸ்டாலின் அரசு வெடிவைத்துத் தகர்த்தது. பிறகு அங்கே நீச்சல்குளம் வெட்டினார்கள். சோவியத் ஒன்றியம் கலைந்ததும் அதே இடத்தில் அதே வடிவில் பேராலயம் எழுந்து 2000-இல் திறக்கப்பட்டது. 1967-இல் தன்னை உலகின் முதல் நாத்திக நாடு என்று அறிவித்துக்கொண்ட அல்பேனியாவிலும் மசூதிகளும் தேவாலயங்களும் திரும்ப வந்துவிட்டன.

எனவே இந்த வேலையை மதம் மட்டும்தான் செய்ய முடியும் என்று முடிவுகட்டலாமா? அதற்கும் எதிர்ச்சான்று அருகிலேயே இருக்கிறது. 1967-இல் லண்டனில் நவீன நோய்த்தணிப்பு இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவர், மார்பின் கொடுக்கும் முறையை அறிவியலாக்கிய மருத்துவரும் அவரே. அந்தச் சிந்தனை 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரிக்கு வந்து, பின்னர் மலப்புறத்திலும் பிற மாவட்டங்களிலும் ஊர்க்காரர்களே நடத்தும் வலைப்பின்னலாகப் பரவியது. நம்பிக்கையாளர், நாத்திகர், கட்சிக்காரர், கல்லூரி மாணவர் எல்லோரும் பயிற்சி பெற்றுப் படுக்கையில் கிடப்பவர்களைத் தேடிப் போகிறார்கள். 2008-இல் இதற்கெனக் கொள்கை வகுத்த முதல் இந்திய மாநிலம் கேரளம். கூட இருக்கும் வேலைக்கு நெற்றிக் குறியோ தொப்பியோ கட்டாயம் இல்லை. ஆனால் யாராவது வாரந்தோறும் வர வேண்டும்.

நம்மவர் தந்த விடைகள்

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குச் சொல்லால் மட்டுமின்றிச் செயலாலும் விடை தேடியவர்கள் இருக்கிறார்கள். 1925-இல் ‘குடி அரசு’ தொடங்கிய பெரியார், சாதிக்கும் பெண்ணடிமைக்கும் வேர் மதத்தில் இருப்பதாகக் கண்டு அதை முற்றாக நிராகரித்தார். சிங்காரவேலர் அவ்விதழில் வானியல், உயிரியல், பொருள்முதல்வாதம் பற்றிச் சாதாரண வாசகருக்கு எழுதினார். பகத்சிங் தம் நாத்திகம் பற்றி எழுதிய கட்டுரையை ஜீவா தமிழாக்கினார். இவர்கள் மறுப்போடு நிற்கவில்லை என்பது பலர் கவனிக்காத செய்தி. புரோகிதரும் மந்திரமும் இல்லாத சுயமரியாதைத் திருமணம் 1928 முதல் நடந்தது. அண்ணா ஆட்சி 1967-இல் அதற்குச் சட்ட ஏற்பு தந்தது. கருமாதிக்கு மாற்றாகப் படத்திறப்பு வந்தது. சடங்கை எதிர்த்த இயக்கம் சடங்கின் தேவையை உணர்ந்திருந்தது. நோய், கடன், தனிமை போன்ற அன்றாடத் துன்பங்களுக்குத்தான் அதனால் கோவிலுக்கு ஈடான இடம் ஒன்றை ஊர்தோறும் கட்ட முடியவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேலான திராவிடக் கட்சிகளின் ஆட்சியிலும் கோவில் கூட்டம் குறையாததற்கு இது ஒரு காரணம்.

வள்ளலார் வேறு வழியில் போனார். சாதியையும் சாத்திரத்தையும் உதறி, 1867-இல் வடலூரில் தருமசாலையைத் திறந்து பசித்தவருக்குச் சோறு போட்டார். அந்த அடுப்பு இன்றும் எரிகிறது. கடவுளை விடாமல், அதிகாரத்தை விட்ட வழி அது. மேல்மருவத்தூரில் மாதவிடாய்க் காலத்திலும் பெண்கள் கருவறைக்குள் சென்று பூசை செய்யலாம் என்று ஆனதும், மரபு தன்னைத் திருத்திக்கொள்ளக் கூடியது என்பதற்கு நம் காலத்துச் சான்று.

இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவே நின்று மிகத் தெளிவாக யோசித்தவர் அம்பேத்கர். 1898-இல் அயோத்திதாசர் சென்னையில் மீட்டெடுத்த பௌத்தத்தையும், அறிவியல் பேராசிரியரான லட்சுமிநரசு 1907-இல் அதைப் பகுத்தறிவு நோக்கில் விளக்கிய நூலையும் அறிந்தவர் அவர். அந்நூலின் 1948 பதிப்புக்கு முன்னுரையும் எழுதினார். 1950-இல் ‘மகாபோதி’ இதழில் எழுதிய கட்டுரையில் மதத்துக்கு அவர் தேர்வு வைத்தார். சமூகத்தைச் சட்டம் மட்டும் தாங்காது, அறம் வேண்டும். அந்த அறமாக இருக்க விரும்பும் மதம் அறிவியலோடு ஒத்துப்போக வேண்டும். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றையும் ஏற்க வேண்டும். வறுமையைப் புனிதமாக்கக் கூடாது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் லட்சக்கணக்கானோரோடு பௌத்தம் தழுவியபோது அந்தத் தேர்வில் தேறியதாகத் தாம் கருதிய மதத்தைத்தான் அவர் எடுத்தார். ‘மதம் தேவையா’ என்பதை ‘எந்த நிபந்தனையில் மதம்’ என்று மாற்றியது அம்பேத்கரின் பெரும் பங்களிப்பு.

எல்லை மீறும்போது

அந்த நிபந்தனைகள் மீறப்படும் போது என்ன ஆகும் என்பதும் நம் கண்முன் நடந்தது. மூடநம்பிக்கை ஒழிப்புக்குப் பாடுபட்ட மருத்துவர் நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் காலை நடைப்பயிற்சியின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஆண்டுக்கணக்கில் கேட்ட சட்டத்தை மராட்டிய அரசு அவர் இறந்த பிறகே கொண்டுவந்தது. மதம் அறிவியல் வேடம் போடுவதும் இதன் இன்னொரு முகம். 2015-இல் மும்பையில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டில் பண்டைய விமானங்கள் பற்றி ஒரு கட்டுரை படிக்கப்பட்டது. ஆரியபட்டரிடமும் சுசுருதரிடமும் பெருமைப்பட உண்மையான செய்திகள் கொட்டிக் கிடக்கும்போது, இல்லாத விமானத்தைத் தேடுவது அறிவியலுக்கும் மரபுக்கும் சேர்த்தே இழுக்கு.

மதமும் அறிவியலும் தத்தம் இடத்தில் நின்று கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இளம்பிள்ளை வாதம் ஒழிந்த கதை போதும். மேற்கு உத்தரப் பிரதேசத்து முஸ்லிம் பகுதிகளில், சொட்டு மருந்து பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் சதி என்ற வதந்தி பரவி, பெற்றோர் கதவைச் சாத்தினார்கள். அரசு மருத்துவர்களின் விளக்கம் எடுபடவில்லை. உலமாக்களை அணுகினார்கள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியாவும் துணைக்கு வந்தன. மசூதி ஒலிபெருக்கியில் சொட்டு மருந்து நாள் அறிவிக்கப்பட்டது, இமாம்கள் தம் குழந்தைகளுக்கே முன்னின்று போட்டார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு நாட்டில் இயற்கையான போலியோ நோய்க்கிருமியால் ஒருவரும் தாக்கப்படவில்லை. 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. மருந்தைச் செய்தது அறிவியல். அதை நம்பி வாய் திறக்க வைத்தது, ஊர் நம்பும் ஒரு குரல். அதே வதந்தியை மதவாதிகள் சிலர் ஊதிப் பெருக்கிய பாகிஸ்தானில் சொட்டு மருந்துப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள், நோயும் இன்னும் ஒழியவில்லை.

கணக்கு முடிப்பு

விளக்கும் வேலையில் மதத்துக்கு இனி உரிமை இல்லை. நோயைத் தீர்க்கும் வேலையிலும் இல்லை. நீதி வகுப்பதில் மற்றவர்களைப்போல் அதுவும் ஒரு குரல் கொடுக்கலாம், கடைசிச் சொல் அதனிடம் இல்லை. மனிதரில் மேல் கீழ் வகுக்கும் உரிமை அதற்கு ஒருநாளும் இருந்திருக்கவே கூடாது. கூட இருக்கும் வேலையில் மட்டும் அது இன்னும் மிகப் பெரிய, மிகப் பழைய, ஊர்தோறும் கிளையுள்ள அமைப்பு. இந்த ஒன்றுக்காக அதை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள், மற்ற உரிமைகளை அது மீண்டும் கேட்கும்போது மறுக்கவும் துணிய வேண்டும். ஆறுதல் கிடைக்கிறது என்பதற்காகத் தடுப்பூசியையோ பாடநூலையோ பக்கத்துத் தெருக்காரரின் கோவில் நுழைவையோ விட்டுக்கொடுக்க முடியாது.

மதம் வேண்டாம் என்பவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. வாதத்தில் வென்றதால் எந்த ஊரிலும் மதம் மறையவில்லை; பசிக்கும் நோய்க்கும் முதுமைக்கும் வேறு துணை கிடைத்த ஊர்களில்தான் அதன் பிடி தளர்ந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் இருக்கிறாரா, முதியோர் உதவித்தொகை மாதம் தவறாமல் வருகிறதா, குடிநோயாளியின் மனைவி போய் முறையிட ஓரிடம் இருக்கிறதா, தனியாக இருப்பவரைப் பார்த்துவர யாராவது உண்டா என்ற கேள்விகளுக்கு ஆம் என்று பதில் வரும் அளவுக்கு, மதம் தேவையா என்பது தனிமனிதரின் விருப்பமாகிவிடும். விரும்பியவர் கும்பிடுவார், விரும்பாதவர் கும்பிடமாட்டார். இருவருக்கும் அச்சம் காரணமாக இராது. அந்தப் பதில்கள் இல்லை என்று இருக்கும்வரை, மதம் தேவையில்லை என்று மேடையில் சொல்வது, வேறு கதவே இல்லாதவரிடம் இருக்கும் ஒரே கதவையும் சாத்தச் சொல்வதாகவே முடியும்.